புள்ளிக்கு அப்புறம்

தெற்கு ஆவணி மூல வீதியில்
இரண்டு நகைக்கடைக்கு நடுவே ஒரு மாடிப்படி.
ஏறினால் தனுஷ்கோடி அடகுக் கடை.
கம்ப்யூட்டர் வந்த மாதமே
கார்பன் புத்தகங்களை எடைக்குப் போட்டார் முதலாளி,
கிலோ நாலரை ரூபாய்.
அதோடு கொஞ்சம் கைக்காசு சேர்த்து
ரக்ஷா ஒன்று புள்ளி பூஜ்யம் வாங்கினோம்.

சனிக்கிழமைக்கு ஒரு டிஸ்க்.
ஏழு மணிக்குக் கரண்ட் போவதற்குள் எரித்துவிட வேண்டும்.
எரிக்கிறேன் என்றால் முதலாளிக்கு ஆகாது,
கடைக்குள்ளே அந்தப் பேச்சு வேண்டாம்
பதிகிறேன்னு சொல்லு என்பார்.
பச்சைக் கோடு நகரும்.
தொண்ணூற்றொன்பதில் நின்று
ஒரு டீ குடிக்கும் நேரம் யோசிக்கும்.
பிறகு சொல்லும்: வெற்றி.
மேலே தேதி எழுதி
நகைப் பொட்டலங்களோடு இரும்புப் பெட்டியில் வைப்பேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம்
படியில் கூட்டம் நிற்கையில்
ஹார்ட் டிஸ்க் செத்தது.
கடலைச் சட்டியில் கரண்டி உரசுகிற சத்தம், அவ்வளவுதான்.
பதறாதீங்க, டிஸ்க் இருக்கு என்றேன்.
நான்தான் சொன்னேன்.

டீச் செலவு.
கரண்ட் பில்.
முதலாளி மகன் ஜாதகம்.
ஒச்சம்மா.

வேறு யாரும் இல்லை.
நானூற்றுப் பன்னிரண்டு பேரைக் காணோம்.
போன வாரத்து டிஸ்க்கைப் போட்டேன், அதற்கும் முந்தினதைப் போட்டேன்,
பதினொரு சனிக்கிழமையிலும்
ஜாதகமும் ஒச்சம்மாவும்.

கோரிப்பாளையம் எக்ஸ்ரே சென்டர் ஜெய்லானிக்கு
தொண்ணூற்றொன்பதிலேயே விடிய விடிய நின்றதாம்.
தெப்பக்குளம் ஸ்டுடியோ அருளப்பனுக்கு
ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற இடம் மட்டும் இல்லையாம்,
பெண் வீட்டார் இன்னும் பாக்கி தரவில்லையாம்.
என் கதையைக் கேட்டபின் இருவருமே
நம்மது பரவாயில்லை என்று போனை வைத்தார்கள்.

மெட்ராசுக்கு மூன்றாவது போனில் ஒரு பையன் கேட்டான்:
"பேருக்கு நடுவுல புள்ளி வச்சீங்களா மேடம்?"

வைத்தேன்.
மா.ராசாத்தி. பெ.சின்னக்கருப்பு. எஸ்.மும்தாஜ்.
தகப்பன் எழுத்து இல்லாமல் எங்கே பேர் எழுதுகிறோம்?

"புள்ளிக்கு அப்புறம் வர்றதை ஃபைலோட வகைன்னு நினைச்சுக்கும்.
ராசாத்தின்னு ஒரு வகை அதுக்குத் தெரியாது. விட்டுடும்."
"விட்டதைச் சொல்லாதா?"
"எடுத்ததை மட்டும்தான் மேடம் எண்ணும்."

எண்ணியதை எல்லாம் எழுதியது,
எழுதியதை எல்லாம் எண்ணியது,
தனக்குத் தானே சரி போட்டுக்கொண்டது
ஒன்று புள்ளி பூஜ்யம் என்று
பேரிலேயே புள்ளி வைத்திருந்தது.

இரும்புப் பெட்டியைத் திறந்தால் எல்லாம் இருக்கிறது.
திருகாணி இல்லாத தோடு,
நசுங்கிய ஒற்றைக் கொலுசு,
பிள்ளை பல் பதிந்த அரைமூடி.
பொட்டலத்தின் மேல் நம்பர் மட்டும்.
ரசீதோடு வந்தவர்களை வரிசையில் உட்காரவைத்துத்
திரும்ப அடித்தேன், ஆவணி பிறக்கும் வரை.
ரசீதைத் தொலைத்தவர்கள்
என் முகத்தை ரசீதைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

இடையில் தபாலில் புது டிஸ்க் வந்தது, ஒன்று புள்ளி ஒன்று.
கூட ஒரு துண்டுச் சீட்டு:
சிறு பிழைகள் சில திருத்தப்பட்டுள்ளன.
முதலாளி அதை வாங்கி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு
மறுபடியும் படித்தார்.
சாயங்காலம் கார்பன் புத்தகம் ரெண்டு வாங்கி வந்தார்.

ஒச்சம்மா செக்கானூரணியிலிருந்து வட்டி கட்ட வந்தாள்.
முதல் நாள் இனிஷியல் கேட்டதற்கு இவள்தான் சொன்னாள்:
"நகை என்னது. பேரு என்னது.
முன்னாடி எவன் எழுத்து எதுக்குத்தா?"
நான் அப்படியே அடித்திருந்தேன்.

நடந்ததைச் சொன்னேன்.
அத்தனை பேரும் போய்விட்டார்கள்
நீங்கள் ஒருத்திதான் தப்பித்தீர்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"ஊரு கடனெல்லாம் அழிஞ்சு போச்சு,
என் கடன் மட்டும் பத்திரமா இருக்குங்கிற?"

சுருக்குப்பையை அவிழ்த்து
நோட்டுகளை மேசையில் வைத்தாள்.
"எண்ணிக்க."

எண்ணினேன்.
மறுபடி ஒரு தடவை எண்ணினேன்.